கைராசிக்காரனின் அக்கா

பட்டறையில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கிரேன்காரர்கூட அக்கா என்பார். முதுகுக்குப் பின்னால் மைக்ரான் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவளுக்குத் தெரியும், கோபமும் இல்லை. தலைமுடி ஒன்றின் பருமனை எழுபது பங்காக வகுத்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். வாசலில் செருப்பை விட்டபின் இரண்டும் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வீட்டுக்காரர் தையற்காரர். "நான் அரை இஞ்ச் விட்டாலும் சட்டை சட்டைதான். நீ அரை முடி விட்டா இரும்பு குப்பைக்குப் போயிடும். நல்லவேளை, நாம தொழிலை மாத்தி எடுத்துக்கலை" என்பார்.

அவளுக்குப் பிடிக்காத பெயர் ஒன்றே ஒன்றுதான். 'கைராசிக்காரனோட அக்கா.' ஆறு வருடமாக அந்தப் பெயர் அவள் வயிற்றில் கிடந்து புகைந்துகொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது பட்டறையின் மூலையில் இருந்த கண்ணாடி அறையில். பட்டறையில் குளிர்சாதனம் உள்ள அறை முதலாளியுடையதும் அவளுடையதும்தான். அவளுடைய அறையின் குளிர் அவளுக்காக அல்ல, கருவிகளுக்காக. வெயில் ஏறினால் இரும்பு வளரும், அளவு மாறும். சுவரில் வரிசையாகப் பதினொரு போரிங் பார்கள் நின்றன. தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், போரிங் பார் என்பது இரும்பில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைச் சொன்ன அளவுக்குப் பெரிதாக்கும் தடி. நுனியில் நகத்தளவு ஒரு வெட்டுமுனை. தலைப்பக்கத்தில் வட்டமான ஒரு டயல். அதைச் சுற்றிலும் கோடுகள். ஒரு கோடு திருகினால் ஓட்டை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பெரிதாகும். பத்து மைக்ரான்.

காலையில் வந்ததும் முந்தின நாள் வேலை முடித்துத் திரும்பிய பார்களை மண்ணெண்ணெயில் கழுவுவாள். திருகுக் குழியில் ஒட்டிய துகளைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து எடுப்பாள். வெட்டுமுனையை உருப்பெருக்கியில் பார்த்து, ஓரம் மழுங்கியிருந்தால் கழற்றிப் புதியதை வைப்பாள். எந்திரத்தில் பொருந்தும் கூம்புப் பக்கத்தைத் துடைத்துவிட்டு விரல் ரேகை படாமல் துணியோடு பிடிப்பாள். பிறகு அளவு பார்க்கும் மேடையில் பாரை நிறுத்தி, நுண்ணளவு காட்டும் டயல் கேஜின் ஊசியை முனையில் தொடவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு திருகுவாள். தப்பித்தவறிக் கோட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய அளவுக்குப் பின்னால் திருகி நிறுத்திவிடக் கூடாது. திருகுக்குள் ஒரு தளர்ச்சி உண்டு. டயல் திரும்பி வரும், முனை வராது. தாண்டியவர்கள் ஒரு சுற்று முழுக்கப் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி முன்னால் வந்துதான் கோட்டில் நிற்க வேண்டும். பட்டறையில் பாதிப் பேர் இந்தச் சோம்பலில்தான் அளவைக் கெடுத்தார்கள். கடைசியாகப் பூட்டுத் திருகை இறுக்கி, மறுபடி ஒருமுறை ஊசியைப் பார்த்து, பாரின் கழுத்தில் ஒரு அட்டைச் சீட்டைக் கட்டுவாள். அதில் அவள் வைத்த அளவு அவள் கையெழுத்தில் இருக்கும்.

இதையெல்லாம் அவள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினேழு வயதில் பட்டறைக்குள் வந்தது இரும்புச் சுருள் கூட்டத்தான். பிறகு கருவி கழுவினாள். கழுவுகிறபோது எந்தப் பார் எந்த எந்திரத்திலிருந்து எப்படித் திரும்புகிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அளவு வைக்கிறவர் ஒருநாள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முதலாளி கைபிசைந்து நின்றபோது அவள் நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த நோட்டின் பேரன்தான் இப்போது மேசையில் இருப்பது.

நோட்டில் ஒவ்வொரு பாரின் குணமும் இருந்தது. மூன்றாம் நம்பர் சாது. வைத்த அளவில் வெட்டும். ஐந்தாம் நம்பருக்குப் பூட்டுத் திருகு இறுகும்போது முனை ஒரு பொட்டு நகரும். ஏழாம் நம்பர் நெட்டை. நீளமான பார் என்பதால் வெட்டும் வேகத்தில் முனை ஒதுங்கும். ஓட்டை அரைக்கோடு சிறிதாக வரும். அதனால் ஏழாம் நம்பருக்கு மட்டும் வேண்டிய அளவோடு அரைக்கோடு கூட்டி வைக்க வேண்டும். வரைபடத்தில் அது இல்லை. கருவிக் கம்பெனியின் புத்தகத்திலும் இல்லை. அவள் நோட்டில் மட்டும் இருந்தது.

தம்பி அவளைவிட எட்டு வயது இளையவன். அம்மா வேலைக்குப் போன வீடு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். ஒழுங்கு என்பது அவளுக்கு அப்போதே நோய் மாதிரி. புத்தகத்துக்கு அட்டை போட்டால் மூலை மடிப்பு நான்கும் ஒரே அளவு இருக்கும். வாசலில் அவள் நேராக விட்ட செருப்பு மட்டும் தினமும் எப்படியோ கோணிக் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பூனைதான் என்று முடிவு கட்டி, அந்தப் பூனையை வருடக்கணக்கில் திட்டினாள். தம்பி தொழிற்பள்ளியில் படித்துவிட்டு வந்ததும் முதலாளியிடம் சொல்லி அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவன் போரிங் எந்திரத்தில் நின்ற முதல் நாள் பட்டறை முழுக்க "என் தம்பி, என் தம்பி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பெருமைக்கு ஆயுள் மூன்று மாதம். தம்பி வெட்டிய ஓட்டைகள் முதல் வெட்டிலேயே அளவுக்கு வந்தன. மற்ற எந்திரக்காரர்கள் ஒருமுறை வெட்டி, அளந்து, மறுபடி வெட்டி, மறுபடி அளந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி பாரை மாட்டுவான், வெட்டுவான், அடுத்த இரும்பை ஏற்றுவான். பக்கத்து எந்திரத்தில் நிற்கிறவருக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அவர்தான் ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "கைராசிடா உனக்கு. நீ தொட்டா அளவு தானா வந்து உக்காருது."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா கையில் பிரஷ்ஷோடு நின்றாள். ராசியா? நேற்று முக்கால் மணி நேரம் ஊசியோடு மல்லுக்கட்டியது ராசியா? கறையான் புற்றெடுக்க, பாம்பு வந்து குடியேறி, அதற்குப் பால் வேறு ஊற்றுகிறார்களே என்று இருந்தது. தம்பி என்ன சொல்கிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவன் சிரித்தான். அவ்வளவுதான். 'எங்க அக்கா வெச்ச அளவு' என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றிலிருந்து அவள் கணக்காகப் பொறாமைப்பட ஆரம்பித்தாள். எதையும் கணக்காகச் செய்கிறவள் ஆயிற்றே. யார், எந்தக் கிழமை, எந்த ஓட்டைக்குக் கைராசி என்றார்கள் என்று மனசுக்குள் ஒரு நோட்டு. முதலாளி வெளியாட்களைக் கூட்டிவந்தால் நேராகத் தம்பியின் எந்திரத்துக்குப் போவார். கண்ணாடி அறையைக் காட்டி "அது டூல் ரூம்" என்று தாண்டிப்போவார். ரூம் என்றார், ரூமில் ஆள் இருப்பதைச் சொல்லவில்லை. உறவுக்காரர் ஒருவர் தம்பியின் உள்ளங்கையை வாங்கிப் பார்த்து ரேகை நன்றாக இருக்கிறது என்றபோது, அக்கா மேசைக்கு அடியில் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். மண்ணெண்ணெயில் ஊறி வெளுத்த கை. ரேகையே சரியாகத் தெரியவில்லை.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. தினமும் சாயங்காலம் வண்டியில் அவளை ஏற்றி வீட்டில் இறக்கிவிடுவான். "அக்கா, நீ உக்காந்தியா? கிளம்பவா?" என்று தினமும் கேட்பான். அவளும் தினமும் "ம்" என்பாள். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வருவாள். பாசமும் இருந்தது. அதுதான் கொடுமை. பாசம் இல்லாவிட்டால் பொறாமை நிம்மதியாக இருந்துவிட்டுப் போயிருக்கும்.

அந்த வருடம் புதிதாக இரண்டு போரிங் எந்திரங்கள் வருவதாக இருந்தது. போரிங் பிரிவுக்கு என்று ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆய்வுத் தாளில் அவர்தான் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருடம் சீட்டில் அளவு எழுதியவளுக்கு, ஒரு தாளின் அடியில் தன் பெயரைப் பார்க்க ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லாத ஆசை. ஒருநாள் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பெரிய கம்பெனி ஒன்று பம்பு உடல் செய்யக் கேட்டிருக்கிறது, நாளைக்கு அவர்கள் ஆய்வாளர் முன்னால் பன்னிரண்டு உடல் வெட்டிக் காட்ட வேண்டும் என்றார். "உன் தம்பி சரியா வெட்டிட்டான்னா, பொறுப்பை அவன்கிட்டயே கொடுத்துடலாம்னு பாக்கிறேன்மா. கைராசிக்காரன். உனக்கும் பெருமைதானே?"

"பெருமைதான் சார்" என்றாள் அக்கா.

அவர் போனபின் வரைபடத்தைப் பிரித்தாள். எழுபத்திரண்டு மில்லிமீட்டர் ஓட்டை. அதற்குமேல் ஒரு கோடு வரை போகலாம். தாண்டவும் கூடாது, எழுபத்திரண்டுக்குக் குறையவும் கூடாது. நடுவில் நிற்க வேண்டும் என்றால் எழுபத்திரண்டும் அரைக்கோடும். ஓட்டை ஆழமானது, ஏழாம் நம்பர் நெட்டைதான் எட்டும். நெட்டைக்கு ஓர் அரைக்கோடு சேர்த்தால், எழுபத்திரண்டும் ஒரு கோடும் வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

மறுநாள் காலையில் பாரை மேடையில் நிறுத்தி, ஊசியைத் தொடவிட்டு, திருகினாள். அரைக்கோடு வந்தது. கை நின்றது.

நின்ற கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் உள்ளது இதுதானே? நடு அளவு. எந்த ஆய்வாளர் வந்து எந்தக் கேஜை வைத்துப் பார்த்தாலும் இதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கூட்டி வைக்கும் அரைக்கோடு அவளுடைய சொந்தச் சரக்கு. அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் திருட்டாகுமா? ராசி இருக்கிற கைதானே, பார்த்துக்கொள்ளட்டும்.

அரைக்கோடு குறைந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஓட்டை எழுபத்திரண்டின் ஓரத்தில் வந்து நிற்கும். பன்னிரண்டில் பாதியாவது ஓரத்துக்குக் கீழே விழும். மறுபடி வெட்டலாம் என்றால், அரைக்கோட்டுத் தடிமனை முனை வெட்டாது. உரசும், பளபளப்பைக் கெடுக்கும். தெரிந்தே பூட்டுத் திருகை இறுக்கினாள்.

சீட்டு எழுதும்போது மட்டும் ஒரு சங்கடம் வந்தது. வழக்கம்போல 'எழுபத்திரண்டு, ஒரு கோடு' என்று எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வைக்காத அளவை எழுத அவள் கை வரவில்லை. தம்பியின் காலை வாரத் துணிந்தவளுக்குச் சீட்டில் ஒரு பொய் எழுதத் துணிச்சல் இல்லை. 'எழுபத்திரண்டு, அரைக்கோடு' என்று அழகாக எழுதி, நூலைக் கட்டி அனுப்பினாள்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். முதலாளியும் அவரும் எந்திரத்தின் அருகே நின்றார்கள். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பாரைக் கையில் எடுத்தான். கூம்பைத் துடைத்தான். சீட்டைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு எந்திரத்தில் மாட்டாமல் பாரோடு திரும்பி, எல்லாரும் பார்க்கக் கண்ணாடி அறைக்கு நடந்து வந்தான். பின்னாலேயே முதலாளியும் ஆய்வாளரும்.

"அக்கா, நெட்டைக்கு நீ எப்பவும் அரைக்கோடு கூட்டித்தான் வெப்பே, ஒரு கோடு இருக்கணும். இதுல அரைக்கோடுதான் இருக்கு" என்றான்.

முதலாளி என்ன அரைக்கோடு என்று கேட்டார். தம்பி சொன்னான். இந்தப் பார் நீளம், வெட்டும்போது ஒதுங்கும், அதற்காக அக்கா தானாகக் கணக்குப் பார்த்துக் கூட்டி வைப்பது, ஒவ்வொரு பாருக்கும் அவள் நோட்டில் ஒரு குறிப்பு இருப்பது, அவள் சீட்டில் எழுதியதை ஆறு வருடமாக அளந்துகூடப் பார்க்காமல் தான் அப்படியே வெட்டுவது, எல்லாவற்றையும் சொன்னான். ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல, அலுப்போடு சொன்னான். ஆய்வாளர் புருவத்தை உயர்த்தி அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஆறு வருடமாக எந்தப் பேச்சுக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பேச்சு வந்தேவிட்டது. வந்த நேரம்தான் சரியில்லை.

"பரவாயில்லைம்மா. மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் முதலாளி.

மறதி. அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பேசாமல் ஆமாம் என்றிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான் மறக்கலை சார்."

முதலாளிக்கு அது ரோஷமாகக் கேட்டிருக்கும். தம்பிக்கு வேறாகக் கேட்டது. சீட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. சின்ன வயதில் அடி வாங்கினால் அப்படித்தான் சிவக்கும்.

"ட்ராயிங்ல இருக்கிறபடி வெச்சிருக்காங்க சார்" என்றான் முதலாளியிடம். "வெளியாளுங்க வந்திருக்காங்கல்ல, அதனால. நான்தான் வழக்கப்படி வேணும்னு முன்னாடியே கேட்டிருக்கணும்." பிறகு பாரை மேடையில் வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஒரு கோடு வெச்சுக் கொடுங்க."

கொடு என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லியிருக்கிறான்.

பன்னிரண்டு உடலும் முதல் வெட்டிலேயே அளவுக்கு வந்தன. வேலை கிடைத்தது. பொறுப்பும் தம்பிக்கே போனது. ஆய்வாளர் நோட்டைப் புகழ்ந்ததில் முதலாளி அக்காவுக்குப் புது நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அன்று சாயங்காலம் வண்டிப் பக்கத்தில் தம்பி கேட்டான். "மாமா வருவாரா, நான் விடணுமா உங்களை?" மாமா வருவார் என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸில் போனாள்.

அதன்பிறகு எல்லாம் 'நீங்க'தான். வீட்டுக்கு வந்தாலும் "நீங்க சாப்பிட்டாச்சா?" பட்டறையில் "உங்க சீட்டு வந்துடுச்சு." பொறுப்பு வந்ததும் தம்பி மரியாதை கற்றுக்கொண்டான் என்று ரேடியோ கிண்டலடித்தார். அக்காவுக்கு ஒவ்வொரு 'ங்க'வும் கன்னத்தில் விழுந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். மரியாதை கொடுப்பவனை என்ன செய்வது?

அதைவிட மோசமானது இன்னொன்று. எந்திரத்தின் பக்கத்தில் தம்பி ஒரு சின்ன மேடையைப் போட்டான். அவள் அனுப்பும் ஒவ்வொரு பாரையும் அதில் நிறுத்தி, டயல் கேஜை வைத்துப் பார்த்தான். பார்த்தபிறகும் நம்பாமல் ஒரு கோடு குறைத்து வெட்டினான், அளந்தான், மறுபடி வெட்டினான். மற்றவர்கள் செய்வது போலவே. மூன்று வாரத்தில் அவன் வேலை மற்றவர்கள் வேகத்துக்கு வந்துவிட்டது. "பொறுப்பு வந்துச்சு, ராசி போச்சு" என்றார் ரேடியோ. எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான், அன்று கைராசி என்றபோது சிரித்த அதே சிரிப்பு.

கண்ணாடிக்குள் அக்கா அதைக் கேட்டாள். எந்த வார்த்தை ஒழிய வேண்டும் என்று ஆறு வருடம் வேண்டினாளோ அது ஒழிந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினொரு பாரையும் அவள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வைத்துக் கொடுத்தாள். அப்படியானால் முதல் வெட்டில் அளவு ஏன் தம்பிக்கு மட்டும் வந்தது? மற்றவர்கள் பயந்து குறைத்து வெட்டினார்கள். அவன் ஒருவன்தான் சீட்டைப் படித்துவிட்டு அப்படியே வெட்டினான். கைராசி என்று ஊரார் சொன்னது அவன் கையும் இல்லை, அவள் நோட்டும் இல்லை. அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதைத்தான் அவள் அரைக்கோட்டுக்கு விற்றிருந்தாள்.

சமாதானத்துக்குச் சின்னச் சின்னதாக முயன்றாள். வீட்டுக்காரரிடம் சொல்லி அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினாள். "அக்காகிட்ட நன்றி சொல்லிடுங்க மாமா" என்று செய்தி வந்தது. வீட்டுக்காரர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நன்றி வந்தால் அங்கே தையல் விட்டிருக்கிறது என்று அர்த்தம் என்றார். எதுவும் கேட்கவில்லை. இன்னொரு நாள் அவள் அவன் எந்திரம் வரைக்கும் போய், எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பரை முழுசாகக் கழற்றிப் போட்டாள். திருகு, வில், ஆப்பு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து எண்ணெய் தொட்டுப் பூட்டினாள். மேடையில் நிறுத்தித் திருகும்போது, ரேடியோவின் குரலில் கவனம் சிதறிக் கோட்டைத் தாண்டிவிட்டாள். பின்னால் ஒரு பொட்டு இழுத்தாள். டயல் வந்தது, ஊசி அசையவில்லை. சட்டையும் எண்ணெயும் ஞாபகம் வந்தன. 'மைக்ரானாம் மைக்ரான்' என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு சுற்று முழுக்கப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நிறுத்தினாள். சீட்டு எழுதினாள். பாரைத் தள்ளுவண்டியில் அனுப்பாமல் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பியின் பக்கத்தில் ரேடியோ நின்றார். அவர் போகட்டும் என்று ஒரு நொடி காத்தாள். போகமாட்டார் என்று தெரிந்தது. சொன்னாள்.

"அன்னைக்கு நெட்டைல வேணும்னேதான் குறைச்சு வெச்சேன். உனக்கு அளவு வரக் கூடாதுன்னு வெச்சேன்."

ரேடியோ வாயைத் திறந்தார். அவருக்கே பேச்சு வரவில்லை. தம்பி கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"ஏன்?"

"எல்லாரும் உனக்குக் கைராசின்னாங்க. நீயும் சிரிச்சே. எனக்குத் தாங்கலை."

அவன் துணியை எந்திரத்தின் மேல் போட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அம்மா என்னை அடிக்கிறப்பெல்லாம் என்ன சொல்லும்? அக்கா மாதிரி எழுது, அக்கா மாதிரி மடி, அக்கா செருப்பு விடுறதைப் பாரு. பத்து வருஷம் கேட்டேன். தினமும் வாசல்ல உன் செருப்பைக் கோணலாக்கினது பூனைன்னா நெனச்சே?"

அக்காவுக்கு முதலில் அந்தப் பூனைதான் நினைவுக்கு வந்தது, பாவம். ஒரு கணம் கழித்துத்தான் மற்றது காதில் ஏறியது. நெனச்சே என்றிருக்கிறான். நெனச்சீங்க இல்லை.

"படுபாவி" என்றாள். கண் கலங்கியதைப் பார்க்காதவன்போல அவன் பாரை வாங்கிக்கொண்டான். சீட்டைப் படித்தான். எழுபத்திரண்டு, ஒரு கோடு. கை பழக்கத்தில் பக்கத்து மேடைப் பக்கம் போனது.

"பாத்துக்கோ. பாக்கணும்தான். நானே சொல்றேன்" என்றாள்.

"பாத்தாச்சு. நீ போ, உன் ரூம்ல குளிர் வெளியே போகுது" என்றான். பாரை நேராக எந்திரத்தில் மாட்டி, ஓட்டினான்.

அவள் கண்ணாடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். முனை உள்ளே போனது, வந்தது. அவன் ஓட்டையின் அளவு பார்க்கும் போர் கேஜை உள்ளே விட்டு லேசாக ஆட்டினான். ஊசியை இங்கிருந்து அவளுக்குத் தெரியாது. அவன் தோள் தளர்வதுதான் தெரிந்தது. அதற்குள் ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. நடந்ததை எல்லாம் காதால் கேட்ட மனிதர்தான். ஆனாலும் பட்டறை அதிரக் கத்தினார்.

"ராசி திரும்பிடுச்சுடோய்!"

தம்பி திரும்பிக் கண்ணாடிப் பக்கம் கையை நீட்டி, ரேடியோவிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவர்கள் எல்லாரும் ஒருமுறை கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வழக்கம்போல அவன் முதுகில்தான் தட்டினார்கள்.

அக்காவுக்கு வயிற்றில் எரிச்சல் அறவே இல்லை என்று எழுதினால் அது வைக்காத அளவைச் சீட்டில் எழுதியது மாதிரி ஆகும். இருந்தது. அரைக்கோடு இருந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பரைக் கழுவப் போனாள்.